டீச்சர் அப்பாவின் காருக்கு என்ன நிறம்

காலை ஆறு பத்து. கொரட்டூர் ஏரியை ஒட்டிய தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது செய்தி ஆசிரியரின் முதுகு. லுங்கியும் பனியனுமாகக் காரின் கதவு இடுக்கில் குந்தியிருந்தார். ஒரு கையில் சவர பிளேடு, இன்னொரு கையில் அலுவலகத்தில் நெகட்டிவ் பார்ப்பதற்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி. பெயிண்ட்டைக் கடுகளவு சுரண்டுவார், கண்ணாடி வைத்துப் பார்ப்பார், மறுபடி சுரண்டுவார். "மேல நீலம். அதுக்குக் கீழ சாம்பல். அதுக்குக் கீழ தகரம்தான்யா. எழுதிக்கோ" என்றார், திரும்பாமலே.

எழுதிக்கொண்டேன். அவருக்குக் கீழே பதினோரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். அவர் ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயப்பன்தாங்கலிலிருந்து கிளம்பி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். காரைப் பழுதுபார்த்த இரண்டு ஆண்டுகளும் அங்கே பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். இங்கிலாந்தில் செய்த வண்டி, இரண்டு கதவு, துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டுத் திறந்தபடி ஓட்டலாம். அது அவருடைய மாமனாரின் கார். செய்தி ஆசிரியரின் மனைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் டீச்சர். பூந்தமல்லியில் கோயில் திருமணம் முடிந்ததும் கூரையைத் திறந்துவிட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தக் காரில்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டே கார் கைமாறியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஆவடிக்கு அப்பால் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில், ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில், செய்தி ஆசிரியர் அதைக் கண்டுபிடித்தார். எண் பலகையில் அதே எண். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி எடுப்பது, ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் அசல் மாறாத வண்டிகளின் பிரிவில் நிறுத்துவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

தகராறு நிறத்தில் வந்தது. அன்று காபி கொண்டுவந்த டீச்சர், "அப்பா வண்டி சிவப்புங்க. செக்கச்செவேல்னு இருக்கும்" என்றார். கல்யாணப் போட்டோ கறுப்பு வெள்ளை, அதிலும் கார் முழுக்கப் பூச்சரம். ஆர்.சி. புத்தகம் பிற்பாடு எடுத்த நகல். அதில் நீலம் என்றிருந்தது. "நீங்களும் அதே கார்லதானே சார் போனீங்க?" என்று நான் கேட்டேன். "எனக்கு அது கறுப்புன்னு ஞாபகம். சுரண்டிப் பாத்தா கறுப்பே இல்ல. ஞாபகத்தையெல்லாம் நம்பி நியூஸ் போட முடியுமாய்யா? மூணு இடத்துல பாத்தாச்சு. சிவப்பு கிடையாது."

"அப்ப நான் எந்த வண்டியிலங்க போனேன்?" என்று டீச்சர் கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அந்த ஆண்டு இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்திருந்தார். ஒருமுறை மின்சார ரயிலில் கொரட்டூரில் இறங்காமல் அம்பத்தூர்வரை போய், அங்கிருந்து மகளுக்குப் போன் செய்திருந்தார். அவருடைய அம்மா கடைசி நாட்களில் பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். டாக்டர் வயதைக் காரணம் சொன்னார், பார்க்கலாம் என்றார். டீச்சர் அதை நம்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும், "நான் தப்பா சொல்றேனோ என்னவோ" என்று சேர்த்துக்கொண்டார். பால்காரர் வந்துபோன நேரத்துக்கும் அதைச் சொன்னார். பிறகு சொல்வதையே குறைத்துக்கொண்டார்.

காருக்குச் சாம்பல் நிறம் அடிப்பதென்று முடிவானது. பெயிண்டரின் ஷெட் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால். அவருக்கும் அறுபது வயது இருக்கும். "இன்னா சார் இது, அவனவன் சேப்பு அடி, மஞ்ச அடின்றான். நீ போய் சாம்பல் கேக்குற. துக்க ஊட்டுக்குப் போற வண்டி மாரி கீது" என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தார். அடித்ததில் குறை சொல்ல முடியாது.

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருந்தபோது பெயிண்டர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த பழைய ரப்பரைக் கழற்றிப் புதிது போட்டிருந்தார். குப்பையில் எறியப்போன பழைய ரப்பர் கட்டையாக இறுகி வெடித்திருந்தது. அதன் மடிப்பை விரித்துக் காட்டினார். "இத்த பாரு சார். உள்ள சேப்பு கீது. எவனோ சோம்பேறி, ரப்பர் மேல பேப்பர் ஒட்டாமயே அடிச்சிக்கீறான். கதவக் கூட தொறந்திருக்க மாட்டான் பாரேன்." மீதியை நாங்களே புரிந்துகொண்டோம். சாம்பல் காரின் மேல் யாரோ வெளிப்புறம் மட்டும் சிவப்பு அடித்திருக்கிறார். பின்னால் நீலம் அடித்தவர் வெளிப்பக்கத்தைத் தகரம்வரை தேய்த்து எடுத்துவிட்டு, கதவு இடுக்கையும் சேர்த்து அடித்திருக்கிறார். செய்தி ஆசிரியர் சுரண்டிய மூன்று இடங்களும் கதவு இடுக்குகள். கவிழ்த்து வைத்த ஆயில் டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஆள்கிட்ட மூணு தடவ கேட்டுட்டு மூணு சாட்சின்னு போட்டுட்டேன்யா" என்றார். நிருபர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு செய்திக்கும், நேரில் பார்த்தவரிடம் பேசினாயா என்று கேட்டவர் அவர்.

ரப்பரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். டீச்சர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். செய்தி ஆசிரியர் அவர் முன்னால் ரப்பரை வைத்து, பூதக்கண்ணாடியையும் நீட்டினார். "சிவப்புதான். நீ சொன்னதுதான் சரி."

டீச்சர் ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுக்கு எதுக்குங்க கண்ணாடி? சும்மாவே தெரியுதே." சிவப்பை விரலால் தடவினார். பிறகு, "கல்யாணத்துக்குன்னு அப்பா அவசரமா அடிக்கச் சொன்னது. சரியா காயக்கூட இல்ல. இறங்கும்போது என் புடவை ஓரத்துல ஒட்டிக்கிச்சு. அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சாங்க" என்றார்.

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? சுரண்டிக்கிட்டே இல்ல இருந்தீங்க!"

அன்று கால் மணி நேரம் அந்தக் காரைப் பற்றியே பேசினார். ஒருமுறைகூட 'தப்பா சொல்றேனோ' வரவில்லை. பீன்ஸ் பாதியில் நின்றது.

ஐந்து நாளில் வேறு நிறம் அடித்துக் காயவைக்க முடியாது. கார் சாம்பலாகவே கண்காட்சிக்குப் போனது. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் அதன் விவரம் எழுதிய அட்டை ஒன்றை நிறுத்துவார்கள். எங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி தவறாகப் போனால், தவறு வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போட வேண்டும் என்பது செய்தி ஆசிரியர் கொண்டுவந்த வழக்கம். விவர அட்டைக்குப் பக்கத்தில் அதே அளவில் இரண்டாவது அட்டை வைத்தார். 'திருத்தம்: இந்தக் காரின் தொழிற்சாலை நிறம் சாம்பல். ஆனால் என் மனைவி மணப்பெண்ணாக ஏறிய நாளில் இது சிவப்பு. அவர் அப்படித்தான் சொன்னார். மறுத்தது என் தவறு.' நடுவர்கள் படித்துச் சிரித்தார்கள். தொழிற்சாலை நிறம்தானே கணக்கு என்று அசல் பிரிவின் முதல் பரிசை அந்தக் காருக்கே கொடுத்தார்கள்.

மறு வாரம் அவர் காரை அம்பத்தூருக்கு ஓட்டிப்போனார். பெயிண்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பரிசு வாங்கின வண்டிய ஏன் சார் கெடுக்குற? இத்தோட அந்த அசல் வண்டி லிஸ்ட்ல உன்ன சேத்துக்க மாட்டானுங்கோ."

"சேத்துக்க வேணாம். சிவப்பு அடி. கதவத் தொறக்காம அடி."

அதற்கு இரண்டாவது ஆண்டு செய்தி ஆசிரியர் காலமானார். கார் அதே தெருவில், அதே வீட்டில் நிற்கிறது. வெளியே சிவப்பு, கதவைத் திறந்தால் இடுக்கில் சாம்பல். மகள் ஓட்ட, டீச்சர் முன்னிருக்கையில் உட்கார்ந்து, கூரையை மடக்கிவிட்டுத் திருநின்றவூர் ஏரிவரை போய்வருகிறார்கள். டீச்சர் என்னை இப்போது சில நாட்களில் தன் மாணவன் என்று நினைத்துக்கொள்கிறார், நானும் திருத்துவதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்த ஆண்டுக் கண்காட்சிக்கான படிவத்தை டீச்சர் தானே நிரப்பினார். நிறம் என்ற கட்டத்தில், யாரையும் கேட்காமல், சிவப்பு என்று எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்றைக்கு என்ன தேதி என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அது எந்த ஆண்டு என்றும் கேட்டார்.