பழைய கதவுக் கட்டை

செல்லூரில் நான் வேலை பார்த்த பட்டறையில் மரத்தில் சிலுவைகளும் மாதா சுரூபங்களும் செதுக்கினோம். பத்து வருடம் அங்கே இருந்தவன் என்பதால், காலையில் ஆளுக்குரிய கட்டையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் விட்டிருந்தார்.

குமிழ மரம் என்றால் காலையில் தீட்டிய கத்தி சாயங்காலம் வரை தாங்கும். தேக்கு அரை நாளில் கத்தியின் கூர்மையைத் தின்றுவிடும். எல்லாவற்றிலும் மோசம் இடித்த வீடுகளின் கதவுக் கட்டை. அதன் வெடிப்புகளில் சுண்ணாம்பும் மணலும் ஏறி இறுகியிருக்கும். அரை மணி நேரம் போதும், கத்தி மழுங்க.

ஒத்தக்கடைப் பக்கமிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவனோடு தச்சுவேலை செய்து கை பழகியவள். இரண்டாம் மாதம் அவள் செதுக்கிய மாதாவின் கீழிமை, அழுது முடித்த கண்ணுக்கு வீங்குவதுபோல் லேசாக வீங்கியிருந்தது. முதலாளி அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாருய்யா. பத்து வருசமா நீயும் செதுக்குற, இப்படி ஒரு கண்ணு வந்துச்சா?"

மறுநாள் அவளுக்குக் கதவுக் கட்டையைக் கொடுத்தேன். மேல்பக்கத்தை நானே இழைத்து, புது மரம்போல ஆக்கிவைத்திருந்தேன். அதற்கடுத்த நாளும் அதையே கொடுத்தேன். ஒரு வாரம் போனது. அவள் செதுக்கிய முகங்கள் பிய்ந்து பிய்ந்து வந்தன. நாளுக்குப் பத்து முறை எழுந்துபோய்க் கத்தியைத் தீட்டினாள்.

"அண்ணே, எங் கத்தியில மட்டும் ஏண்ணே கூர் நிக்க மாட்டேங்குது?"

"கத்தி மேல குத்தமில்ல. எல்லாம் கையில இருக்கு," என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துப்போனதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

கூரான கத்தியைவிட மழுங்கிய கத்திதான் ஆபத்து. வெட்டாததால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். இது எனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் அவள் கத்தி வழுக்கி, கட்டையைப் பிடித்திருந்த இடது உள்ளங்கையில் இறங்கியது. நான்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். "வேலையக் கெடுத்துட்டேண்ணே."

நரம்பு அறுந்திருந்தது. தைத்தும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கட்டையைப் பிடிக்க முடியாததால், திரும்பி வந்தவளை முதலாளி உப்புத்தாள் தேய்க்க உட்காரவைத்தார்.

ஒரு மத்தியானம், தான் பாதியில் விட்ட முகத்தை எடுத்துத் தேய்த்தவள், வெடிப்பிலிருந்து உதிர்ந்த தூளை விரலால் நெருடிப் பார்த்தாள். எழுந்து என்னிடம் வந்தாள்.

"இது மணலுண்ணே. தெரிஞ்சேதான குடுத்தீக?"

"எனக்கென்ன தெரியும்? வந்த கட்டையக் குடுத்தேன்."

அவள் கத்தவில்லை. என் முன்னால் இருந்த குமிழங்கட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா அந்தக் கண்ண எப்படிச் செதுக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பேனே," என்றாள்.

அந்த வாரத்தோடு அவள் வேலையை விட்டு நின்றாள். காரணம் வேறு யாருக்கும் தெரியவில்லை. முதலாளி விசாரித்தபோது, "கை முடியலபோல," என்றேன். அவள் இனி வரமாட்டாள் என்று உறுதியானதும் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, நிம்மதி.