உறைபனியில் ஒட்டிய வைப்பரும் நான் போட்ட சத்தமும்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதைச் சாட்சி என்று சொல்லலாமா என்பதிலேயே எனக்குக் குழப்பம் உண்டு. மற்றவர்கள் எழுந்து நின்றால், கேட்டது கிடைத்தது என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. நான் கேட்டது ஒன்று, நடந்தது வேறு. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

வருஷம் எழுபத்தெட்டா எழுபத்தொன்பதா என்று எங்கள் வீட்டில் இன்றும் சண்டை. ஜனவரி மாதம் என்பது மட்டும் நிச்சயம். நாங்கள் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் படகுத்துறை ஸ்டாண்டில் அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். என் தங்கை செல்வியை மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு எட்டாம் மாதம். பேறுகாலத்துக்கு அழைத்து வரலாம் என்று டாக்சியிலேயே கிளம்பிப் போனோம். சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்து, அவர்கள் இருந்த லயத்து வீட்டில் தங்கினோம். அந்தக் குளிரை என்னவென்று சொல்ல! இரண்டு கம்பளியைப் போர்த்தியும் எனக்குப் பல் கிட்டியது.

விடிகிற நேரத்தில் "அக்கா" என்று செல்வி கூப்பிட்டாள். பாயெல்லாம் ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் புருஷன் ஜெபராஜ் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் வந்து பார்த்தார். "இங்க வச்சுக்கிட்டு இருக்காதீங்க. இப்பவே கீழ அடிமாலி ஆஸ்பத்திரிக்கு எறக்குங்க. தாயும் புள்ளையும் பிழைக்கணும்னா நின்னு பேசாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்து பார்த்தால் காரின் முன்கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை. எனக்கு அது உப்பு என்றுதான் தோன்றியது. மட்டாஞ்சேரியில் கடற்காற்று அடித்து வண்டிக் கண்ணாடியில் உப்புப் படியும். காலையில் எழுந்ததும் என் வீட்டுக்காரர் முதல் வேலையாக வைப்பரைப் போட்டு அதைத் துடைப்பார். "ஏங்க, இந்த மலைமேல உப்பு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். யாராவது எதையாவது ஓதிப் போட்டுவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஒரு விசுவாசி நினைக்கக்கூடாதுதான், ஆனால் நினைத்தேன்.

அவரும் பனி உறைந்து பார்த்தவர் இல்லை. பழக்கதோஷத்தில் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உர்ரென்று முனகியது. வைப்பர் அசையவில்லை. மறுபடியும் போட்டார். கருகின வாடை வந்தது. இறங்கிப் போய்க் கையால் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். வைப்பர் மட்டும் பெயர்ந்து எழும்பியது, ரப்பர் கண்ணாடியிலேயே கறுப்புக் கோடாக ஒட்டிக்கொண்டது. நான் அடுப்பிலிருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜெபராஜ் பாய்ந்து வந்து தடுத்தார்.

"மைனி, ஊத்தாதீங்க! கண்ணாடி வெடிச்சிரும்! இது உறைபனி, பச்சைத் தண்ணி ஊத்துனாலே போயிரும்."

குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். அத்தனை வெள்ளையும் கரைந்து ஓடியது. இவ்வளவுதானா இது என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் வைப்பர் போனது போனதுதான். என் வீட்டுக்காரர் பியூஸைப் பார்த்தார், வயரைத் தொட்டுப் பார்த்தார், மோட்டாரைத் தட்டினார். அதற்கு உயிர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மூணாறில் ஒர்க்ஷாப் திறந்திருக்காது. நான் கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்த வைப்பரை மட்டும் ஓடப் பண்ணும், வேறே ஒன்றும் வேண்டாம்" என்று மனதுக்குள் ஜெபித்தேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். ஓடவில்லை.

மேலே வானம் பளிச்சென்றுதான் இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சு, அதுதான் மூடுபனி, நிரம்பிக் கிடந்தது. அதற்குள் இறங்கினால் கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்றிவிட்டு, வைப்பர்கள் கையால் அசைகிற மாதிரி செய்தார். ரப்பர் இருந்த இடத்தில் என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினேன். இரண்டு வைப்பரிலும் கயிறு கட்டி, ஒன்றை என் ஜன்னல் வழியாகவும், மற்றதைப் பின்சீட்டில் ஜெபராஜ் ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டோம். செல்வி அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். நான் இழுத்தால் வைப்பர் இந்தப் பக்கம் வரும், அவர் இழுத்தால் அந்தப் பக்கம் போகும். மூணாறு தாண்டிக் கொஞ்ச தூரம் அப்படியே வந்தோம். கர்த்தர் வழி காட்டிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

ஒரு வளைவில் என் பக்கத்து வைப்பர் கழன்று பள்ளத்தில் விழுந்தது. காலையில் பலமாக இழுத்ததில் அதைப் பிடித்திருந்த பல்லெல்லாம் தேய்ந்திருக்கிறது. மற்றதும் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது. மஞ்சு வந்து கண்ணாடியில் அப்பியது. வண்டியை நிறுத்தினார். நான் வெடித்துவிட்டேன். "ஒரு வைப்பர்! அதுகூட உம்மால முடியாதா ஆண்டவரே!" என்று கேட்டேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. செல்வியின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தலைய வெளிய நீட்டி ஓட்டுறேன்" என்றார் என் வீட்டுக்காரர். "என் பக்கம் தெரியும். உன் பக்கம் ஓரம் எங்க முடியுதுன்னு தெரியாதே!"

"நான் ஓரத்துல முன்னாடி நடக்குறேன்" என்றேன்.

"மஞ்சுக்குள்ள நீ எங்க தெரிவ? சத்தம் குடு. விடாமக் குடு. சத்தம் வர்ற பக்கத்த வச்சு ஓட்டிக்கிறேன்."

எனக்குச் சத்தமாகப் பேசவே வராது. சபையில் ஜெபிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி மலையாளம். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்று பயம். அன்றைக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. பாட்டு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைக் கத்தினேன். "கர்த்தாவே காத்தோளணே! என் அனியத்திய காத்தோளணே! செல்விய விட்டுராதேயும்! செல்வி, கேக்குதாடி!" தங்கையைக் காப்பாற்றும் என்று எங்கள் வீட்டுப் பேச்சில் இதையேதான் மாற்றி மாற்றிக் கத்தினேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். செருப்பு எங்கோ போய்விட்டது. பின்னாலேயே வண்டி ஊர்ந்து வந்தது.

ஒரு திருப்பத்தில் திடீரென்று பிரேக் கிறீச்சிட்டது. என் முகத்துக்கு எதிரே ஒரு பஸ். டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, சாவான் இறங்கியதாணோ?" என்று மலையாளத்தில் திட்டினார், சாகத்தான் இறங்கினாயா என்று. இறங்கி வந்து எங்கள் காரின் பின்சீட்டைப் பார்த்ததும் திரும்பி ஓடினார். பஸ்ஸைப் பின்னால் எடுத்து வழி விட்டார். "ஒரு ஸ்திரீ நிலவிளிக்குந்ந சத்தம் கேட்டு சவிட்டியதா" என்றார், பெண் அலறுகிற சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தாராம். அதற்குக் கீழே மஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அடிமாலியில் ஆபரேஷன் செய்தார்கள். குழந்தை இறந்துவிட்டது. பெண் குழந்தை. செல்வி பிழைப்பாளா என்று அன்று முழுக்க யாரும் சொல்லவில்லை.

இரண்டு உயிருக்காகத்தான் கத்தினேன், கடைசியில் செல்வி ஒருத்திதான் பிழைத்தாள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஊர் திரும்பியதும் சபையில் ஒருவர், "பஸ்ஸில் மோதாமல் இருக்கத்தான் கர்த்தர் வைப்பரை உடைத்தார்" என்று விளக்கம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் பஸ்ஸை அவரே கொஞ்சம் தாமதமாக அனுப்பியிருக்கலாமே, குழந்தையாவது பிழைத்திருக்கும் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அதன்பிறகு கொஞ்ச காலம் நான் சபைக்கே போகவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் அந்தக் கருகின வாடைதான் வரும்.

செல்வி தேறி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். ஒருநாள் இருவரும் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். குழந்தையைப் பற்றி அவள் முதல்முறையாகப் பேசி அழுதாள். நானும் அழுதேன். "நான் ஒழுங்கா ஜெபம் பண்ணலேடி, வெறுமனே கத்திட்டு வந்தேன். அதான் பாப்பா போயிருச்சோ என்னமோ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்னக்கா பேசுற? அன்னைக்குக் கண்ண சொக்கிக்கிட்டே போச்சு. வலியே இல்ல. அப்படியே தூங்கிப் போயிரலாம்னு சுகமா இருந்துச்சு. நீ விட்டாத்தானே! செல்வி, கேக்குதாடின்னு கத்துன பாரு, ஒவ்வொரு தடவையும் முழிச்சுக்கிட்டேன். பதில் சொல்லாட்டி நீ அடிப்பேன்னு பயம்."

மீன் கையோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

குழந்தை ஏன் போனது என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் நடிக்கவும் மாட்டேன். என் தங்கை இருக்கிறாள், அதற்காகக் கர்த்தருக்குக் கோடி நன்றி. இப்போது நான் ஜெபித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உங்களுக்கும் ஒன்றும் விளங்காத நாள் வரும். அன்றைக்கு வார்த்தை வரவில்லையே, நல்ல தமிழ் வரவில்லையே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அவரை நம்பி உரக்கக் கூப்பிடுங்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் யார் உயிரோடு வருகிறார்களோ, நமக்கு எப்படித் தெரியும்!