கடிகாரத்தை மூடிய கை

என் மாமா தோல்பை தைக்கிற பட்டறையில், சாப்பாட்டு நேரத்துச் சதுரங்கத்துக்கென்று தனிச் சட்டம் உண்டு. முதல் நகர்த்தலில் இரண்டு சிப்பாய்களை ஒரே சமயத்தில் தலா ஒரு கட்டம் தள்ளலாம். உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று மாமா நம்பினார். மாமா சொன்னால் எனக்கு அப்பீலே கிடையாது.

பத்து வயதில் அந்தச் சட்டத்தோடு தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு, கடிகாரம் வைத்து வேகமாக ஆடுகிற ரேபிட் போட்டி ஆடப் போனேன். தோற்றவர் வெளியே போக வேண்டிய போட்டி. அப்பாவுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. "ஏட்டி, மொத ஆட்டத்துலயே தோத்தேன்னா போர்டைப் பரண்ல தூக்கிப் போட்டுருவேன், பாத்துக்க" என்று ஹால் வாசலிலேயே சொல்லிவிட்டார். நடுவர் விதிகளை ஆங்கிலத்தில் மளமளவென்று வாசித்தார். புரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

எதிரே என் வயதுப் பெண், ரெட்டைப் பின்னல். எனக்கு வெள்ளைக் காய். ஜம்மென்று இரண்டு சிப்பாய்களைத் தள்ளிவிட்டு, நகர்த்தி முடித்ததும் அழுத்த வேண்டிய கடிகாரத்தை அழுத்தப் போனேன். அவள் சட்டென்று அதை உள்ளங்கையால் மூடினாள். "அழுத்தாதே" என்று கிசுகிசுத்து, என் சிப்பாய் ஒன்றைப் பழைய கட்டத்துக்கே நகர்த்தினாள்.

எனக்கு வந்ததே கோபம்! "சார், யே சீட்டிங் கர் ரஹீ ஹை!" என்று, அவள் ஏமாற்றுவதாக, ஹாலே திரும்பிப் பார்க்க இந்தியில் கத்தினேன். நடுவர் ஓடி வந்து, காயைத் தொட்டாயா என்று அவளைக் கேட்டார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஸாரி சார்" என்றாள், அவ்வளவுதான். அவளுக்குத் தண்டனையாக என் நேரத்தில் இரண்டு நிமிடம் கூட்டினார்கள்.

பலகையில் அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். என் ராணி போய், ராஜா மூலையில் முழித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய நேரம் தீர்ந்து, ஜெயித்தது நான் என்று ஆனது. எனக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தது. ஆட்டம் முடிந்தால் கைகுலுக்க வேண்டும். அவள் கையை நீட்டினாள். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அடுத்த சுற்றில் எனக்குக் கறுப்பு. எதிராளி ஒரு சிப்பாயைத் தள்ள, நானும் அதைப் பார்த்து ஒன்றையே தள்ளி, மரியாதையாகத் தோற்றேன். ஆனாலும் போர்டு பரணுக்குப் போகவில்லை. திருட்டு ஆட்டக்காரியை ஜெயித்த கதையை மாமாவிடம் ஒரு வாரம் அளந்தேன்.

அன்று வாசித்த விதி எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. தவறாக நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால் அந்த இடத்திலேயே தோல்வி. அழுத்தும் வரை திருத்திக்கொள்ளலாம். அவள் சும்மா இருந்திருந்தால் ஒரே நகர்த்தலில் ஜெயித்திருப்பாள். நடுவரிடம் காரணம் சொல்லியிருந்தால் ஹாலே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். பதினைந்து வருடமாக நான் ஆடிக்கொண்டிருப்பது அவள் கொடுத்த ஆட்டம். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம், ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டம் முடிந்ததும் முதலில் கையை நீட்டுவது நான்தான்.