இரண்டு கோடு, ஒரு புள்ளி

அந்த மேசைக்கு முன்னால் அன்று காலை நின்றது அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். பெரியப்பா வரவில்லை. முதல் நாளே எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “சூளையில வேகுறவன் புள்ளைக்கு றெக்கை எதுக்குடா? உழுந்தா பொறுக்குறதுக்கா நான் வரணும்?” அப்பா விடிந்ததும் என் பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்த்து வாங்கிவந்தார். குக்கர் வாங்க அம்மா சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்துத் தன் உள்பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது விருத்தாசலம் கடைத்தெருவில் குக்கர் வாங்குவதாகப் பேச்சு.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பீங்கான் சாமான் பெட்டிகளில் வைத்து அடைக்கும் தெர்மாகோலை அறுத்து நான் செய்த விமானம், பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் எல்லாவற்றையும்விட அதிக தூரம் போய் விழுந்தது. பரிசாகக் கோப்பை எதுவும் தரவில்லை. நெய்வேலிப் பக்கம் ஓர் ஓடுபாதையில் வெளியூர்ப் பயிற்சிப் பள்ளி ஒன்று முகாம் போட்டிருந்தது. அங்கே சின்ன விமானத்தில் எனக்கு முதல் பாடம், இருபது நிமிடம், இலவசம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே வானத்திலும் நான்தான் முதலில் ஏற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த பயிற்சிப் பள்ளி அக்கா மூன்று பக்கக் காகிதத்தை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா அதை என்னிடம் தந்தார். “என்னா எழுதியிருக்குது? படிச்சு சொல்லு.”

படித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில், பயிற்சி பெறுபவருக்குக் காயம் பட்டாலோ இறந்துபோனாலோ பள்ளி பொறுப்பல்ல, பெற்றோர் இதற்குச் சம்மதிக்கிறார்கள் என்று இருந்தது. அதைச் சொன்னால் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். பெரியப்பா எங்கள் வாசலில் சிரித்துக்கொண்டு காத்திருப்பார்.

“கதவத் தொறக்கக் கூடாது. சொல்லாம எதையும் தொடக் கூடாது. வாந்தி வந்தா பையிலதான் எடுக்கணும்.”

“அவ்ளோதானா? இதுக்கா மூணு பக்கம்?”

“இங்கிலீசுல அப்படித்தாம்பா இழுத்து எழுதுவாங்க.”

அக்கா, யாரும் கேட்காமலே, கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியைத் திறந்து அப்பா பக்கம் தள்ளினார். அப்பா அதை மூடித் திருப்பித் தள்ளினார். பேனாவை எடுத்து, சாய்வாக இரண்டு கோடு கிழித்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

“என்னங்க இது? கையெழுத்துப் போடச் சொன்னா கோலம் போடுறீங்க?” என்றார் அக்கா.

அது அப்பாவின் குறி. எங்கள் ஊர்ப் பட்டறையில் களிமண் கரைசலை அச்சில் ஊற்றிக் கோப்பை எடுப்பவர்கள், ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றின் அடியிலும் தங்கள் குறியை ஆணியால் கீறிவிடுவார்கள். யார் எத்தனை செய்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

“பதினெட்டு வருசமா இதப் பாத்துதாங்க எனக்குக் கூலி குடுக்குறாங்க,” என்றார் அப்பா. மேசையில் கிடந்த துண்டுத்தாளை எடுத்து அதே குறியை மூன்று தரம் போட்டார். “மூணும் ஒன்னா இருக்குதா? இப்ப ஒங்க கையெழுத்த நீங்க மூணு தரம் போடுங்க, பாக்கலாம்.”

அக்கா போட்டுப் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு, எடை பார்க்க என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

நான் திரும்பி வந்தபோது அப்பா உள்பைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். “நானும் வரேன். பின்னால சீட்டு இருக்குதாம்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பரிசு வாங்கியவன் நான். மாசி மகத் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதைத் தள்ளி நின்று பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர், என் பாடத்தில் வந்து ஓசிச் சவாரி ஏறுகிறார். அம்மாவிடம் முறையிட்டேன். அவள் புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, “ஏறுடா,” என்றாள்.

ஏறினோம். நரைமீசை ஆசிரியர் எனக்கு வலப்பக்கம். தரை கழன்று கீழே போனது. கொஞ்ச நேரத்தில் அவர் தன் கைகளை எடுத்துவிட்டு, “இப்ப நீ ஓட்டு தம்பி. கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரி புடி, நசுக்காத,” என்றார். பிடித்தேன். இடப்பக்கம் சாய்த்தேன். விமானம் என் சொல் கேட்டுச் சாய்ந்தது. பழமலைநாதர் கோபுரங்கள், மணிமுத்தாற்று மணல், சந்திப்பிலிருந்து பிரிந்து ஓடும் தண்டவாளங்கள், சூளைப் புகைபோக்கிகள் என்று ஊர் முழுவதும் என் இடது தோளுக்குக் கீழே கிடந்தது. அதைக் கண் நிறையப் பார்க்க விடாமல், பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

“உடுப்பா! கழுத்து இறுக்குது!”

அவர் விடவில்லை. இறங்கிச் சக்கரம் நிற்கும்வரை விடவில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

நான் நினைத்தபடியே பெரியப்பா எங்கள் வாசலில்தான் இருந்தார். அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்: “அண்ணே, ஒங்க வூட்டுக் கூரையில மூணு ஓடு ஒடஞ்சி கெடக்குது. மேலேருந்து பாத்தேன். மாத்திடுங்க.”

அவ்வளவு உயரத்திலிருந்து ஓடு தெரியாது. ஆனாலும் மறுநாள் காலை பெரியப்பா ஏணி போட்டுக் கூரை ஏறியதைத் தெருவே பார்த்தது. எங்கள் வீட்டுக்கு அன்று குக்கர் வரவில்லை. அம்மா ஏன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

போன பொங்கலுக்கு என் சம்பளத்தில் ஒரு குக்கர் வாங்கிப் போனேன். அம்மா அதன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அந்த நாள் பேச்சில் வந்தது. இரண்டாம் பக்கத்தை நான் மறைத்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை; இன்று அந்தக் காகிதம் வந்தாலும் மறைக்கத்தான் செய்வேன், பறக்கத்தான் செய்வேன் என்றேன்.

அம்மா சிரித்தாள். “ஒன்ன எடை பாக்க அனுப்புனாங்கல்ல, அப்பவே அந்தப் பொண்ணு எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிடுச்சிடா.”

“அப்ப ஏன் அப்பா காயிதத்தத் திருப்பிக் கேக்கல?”

“பறக்காமத் திரும்பி வந்து ஒங்க பெரியப்பா மொவத்துல முழிக்கிறதா? பின்சீட்டுக்கு எவ்ளோன்னு மட்டுந்தான் கேட்டாரு. போனா ரெண்டு பேரும் போறோம்னாரு. நானுந்தான் கேட்டேன், எடை தாங்காதுன்னுட்டாங்க.”

“எவ்ளோ வாங்குனாங்க?”

“ஆயிரத்து எண்ணூறு.”