சார்ஜாக்காரனுக்கு ஒரு பஞ்சாயத்து

கட்டின புருசன் இன்னொருத்தியிடம் போனால், பொம்பளைக்கு அழுவதற்காவது ஓர் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி வருவாள், நாத்தனார் வருவாள், ஊரில் வேறு வேலை இல்லாத நாலு பெரிய மனுசர்கள் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமுவார்கள். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். பிரேமாவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அவளை வீட்டில் வைத்துவிட்டு இன்னொருத்தியிடம் போய்வந்துகொண்டிருந்தது புருசன் இல்லை, ஷிஜா. ஷிஜா யார் என்றால் சித்தி மகள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சித்தி மகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்குவதில்லை என்று யாரிடம் போய் மூக்கைச் சிந்துவது?

பிரேமாவுக்குப் பணகுடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா போன பிறகு அண்ணன்மார் கையில் சோறு தின்னப் பிடிக்காமல் திருவனந்தபுரத்துக்கு வந்தவள். ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடையின் மாடியில், மிளகும் சீரகமும் கல் பொறுக்கிப் பாக்கெட் போடுகிற வேலை. தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலில் அடுத்த கட்டில் ஷிஜாவுக்கு. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர் லயத்தில் பிறந்து, கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் அவள் வாயில் குதிக்கும். பிரேமா வாய் திறப்பதே அபூர்வம். ஷிஜா திறந்தால் மூட மாட்டாள். இருவருக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஹாஸ்டலில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றாறில் வீடு தேடினார்கள். கல்யாணமாகாத பெண்கள் இரண்டு பேருக்கு வீடு கொடுக்க ஒருத்தரும் தயாராயில்லை. ஷிஜாதான் வழி கண்டுபிடித்தாள். "இந்த ஊர்ல பாதி வீட்டுல புருசன் கல்ஃப்லதான். ஒனக்கும் ஒருத்தன் இருக்கட்டுமே!" என்றாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு கவரிங் செயினும் கவரிங் தாலியும் வாங்கிப் பிரேமாவின் கழுத்தில் அவளே போட்டுவிட்டாள். புருசன் பெயர் தளவாய், வேலை சார்ஜாவில், துணைக்குச் சித்தி மகள். கிள்ளிப்பாலத்தில் ஒரு லைன் வீடு அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அப்புறம் ஏழெட்டு வருசம் நன்றாகத்தான் ஓடியது. வெளியே 'அக்கா', உள்ளே 'பிரேமா'. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. பிரேமாவுக்கு, பக்கத்தில் ஷிஜா படுத்திருந்தால் போதும். மற்றதெல்லாம் எப்போதாவது நடந்தால் சரி, நடக்காவிட்டாலும் குறையில்லை. ஷிஜாவுக்கு உடம்பும் வேண்டும், பேச்சும் வேண்டும், தங்களைப் போலவே இருக்கிற நாலு பேரைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். நகரத்தில் அந்த மாதிரிப் பெண்கள் சிலர் மாதத்துக்கொரு தரம் ஒரு வீட்டு மாடியில் கூடிப் பேசுகிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டுப் போனாள். "நீயும் வா" என்று கூப்பிட்டாள். "எனக்கு ஊர் முன்னால போய் நிக்க ஏலாது" என்று பிரேமா படுத்துக்கொண்டாள். அங்கேதான் ஸ்நேகா வந்து சேர்ந்தாள். வங்கியில் வேலை, ஸ்கூட்டர், கையில் செல்போன்.

ஷிஜாவைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, அதுதான் கொடுமை. அவள் ஒளிக்கவில்லை. நேராக வந்து சொன்னாள்: "பிரேமா, ஒன்னை விட்டுப் போக எனக்கு மனசில்ல. ஆனா ஸ்நேகாவையும் பிடிச்சிருக்கு. களவு பண்ண எனக்கு வராது. நீ சரின்னா போறேன், வேண்டாம்னா சொல்லு."

பிரேமா சரி என்றாள். ஜுரம் மாதிரி வந்து இறங்கிவிடும் என்று ஒரு கணக்கு. இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்கும். ஒருநாள் இருவரும் கல்லாற்றுக்குப் போய்விட்டு வந்தார்கள். ஷிஜா முகமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து, பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்து, "ஒனக்காக ஸ்நேகா பொறுக்கி எடுத்தது" என்று நீட்டினாள். பிரேமாவுக்கு அந்தப் பழத்தையெல்லாம் அவள் தலையிலேயே எறிய வேண்டும் போல இருந்தது. வாங்கிக் கழுவித் தட்டில் வைத்தாள்.

இன்னொரு நாள் ஷிஜா பெரிய மனசோடு சொன்னாள்: "ஒனக்கும் யாரையாவது பிடிச்சுப்போனா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், கேட்டியா?"

"அதான்ட்டி எனக்கு எரியுது! நீ ஒண்ணும் சொல்லமாட்ட!" என்று பிரேமா கத்தினாள். ஏன் கத்துகிறாள் என்று ஷிஜாவுக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

இப்படி உள்ளேயே புழுங்கிப் புழுங்கி, ஒருநாள் கடை மாடியில் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிரேமா உடைந்துவிட்டாள். கூட வேலை செய்கிற மூன்று பேரும் ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் மூத்தவள் முத்தாரம்மாள், வள்ளியூர்க்காரி, வாயைத் திறந்தால் கீழே கடையில் முதலாளி பேச்சை நிறுத்திவிடுவார். அப்புறம் மாடம்மாள். அப்புறம் ஓமனா, மலையாளத்துக்காரி, அவள் புருசன் நிஜமாகவே கல்ஃபில், தமாமில் இருந்தான்.

"என்னட்டி? என்ன ஆச்சு?"

என்னத்தைச் சொல்வது? வாயில் வந்தது இதுதான்: "எம் புருசன்... சார்ஜால ஒருத்திய வச்சிருக்கான் மைனி."

அட, அதைச் சொன்னதும் என்ன ஒரு ஆறுதல்! முத்தாரம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். மாடம்மாள் அவன் கையும் காலும் விளங்காமல் போகட்டும் என்றாள். ஓமனா டீ வாங்கிவந்தாள். பிரேமா இத்தனை நாள் முழுங்கினதெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. போனில் அவளோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான் என்றாள். லீவு நாளெல்லாம் அவளோடுதான் என்றாள். அவள் பெரிய படிப்பு, பெரிய வேலை என்றாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவனோடு ரூமில் இருக்கிற பையன் சொன்னான் என்றாள். எல்லாமே நிஜம், ஆளும் ஊரும் மட்டும்தான் பொய். அந்த வாரம் முழுக்கத் தளவாயைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். பிரேமா ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. முத்தாரம்மாள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் ஒரு பொட்டலம் மிக்ஸரும் வாழைப்பழமுமாகக் கிள்ளிப்பாலத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஸ்நேகா ஊரில் ஒரு கல்யாணம், அதனால் அன்றைக்கென்று ஷிஜா வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்ததும் அவள்தான்.

"எம்மா ஷிஜா, ஒன் அத்தான் செய்த காரியத்தப் பாத்தியா?" என்றபடி முத்தாரம்மாள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள்.

அடுப்படியிலிருந்த பிரேமா நிலைப்படி வரைக்கும் வந்து நின்றாள். ஷிஜா அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அக்கா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. அத்தான் என்ன செய்தாரு?"

சொன்னார்கள். சிரிப்பு, லீவு நாள், படித்தவள், எல்லாம் ஒன்றுவிடாமல். ஷிஜா எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கேட்டு முடித்ததும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ஷிஜா இல்லையே!

"அத்தான் ஒளிச்சு ஒண்ணும் செய்யலையே. அக்காகிட்ட முதல்லயே கேட்டாருல்ல? அக்கா சரின்னு சொன்னா."

மூன்று பேரும் பிரேமா பக்கம் திரும்பினார்கள். "ஏட்டி, சரின்னா சொன்ன?"

"சொன்னேன்" என்றாள் பிரேமா. அவளுக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் ஏறிக்கொண்டு வந்தது. "வேண்டாம்னு சொன்னா என்னய விட்டுட்டுப் போயிருமோன்னு பயந்துட்டுச் சொன்னேன். வேற என்னத்தச் சொல்லுவேன்?"

"அத அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ஷிஜா.

"சொல்லித்தான் தெரியணுமா? இத்தன வருசம் கூட இருந்த ஆளுக்கு மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"சொல்லாம எப்படித் தெரியும்? நீ சிரிச்சிட்டேதானே வழியனுப்பின?"

"நல்லாக் கேக்கா பாரு கேள்வி!" என்று மாடம்மாள் ஷிஜாவை அதட்டினாள். "அத்தானுக்கு ரொம்பத்தான் பரிஞ்சு பேசுத!"

"பரியல மைனி. அவருக்கு அக்காமேல பிரியம் இல்லாம இல்ல. ரெண்டு பேருமே வேணும்னு நினைக்காரு. அவளையும் வந்து பாரு, பேசுன்னு அக்காவக் கூப்பிட்டாரு."

"த்தூ!" முத்தாரம்மாள் டீயை நங்கென்று வைத்தாள். "சக்களத்திக்கு வெத்தல பாக்கு வேற வைக்கணுமோ? என்ன பேச்சு பேசுதான் அந்தப் பய!"

ஓமனா மட்டும் சத்தம் போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்டெ ஆளும் அவிடெ ஒருத்தியோடதான். எனக்குத் தெரியும். இதுவரை கேட்டிட்டில்ல. கேட்டாப் பின்ன பதில் வருமில்லே, அதுதான் பயம்."

முத்தாரம்மாள்தான் மறுபடி ஆரம்பித்தாள். ஷிஜாவைப் பார்த்து, "ஒனக்கு அவன் குணம் தெரிஞ்சிருக்கு. நீயே சொல்லு. அந்தச் சிறுக்கிய விடுவானா, மாட்டானா?"

இந்தக் கேள்வியைப் பிரேமா ஒரு வருசமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். கேட்கத்தான் தைரியம் வரவில்லை. இப்போது யாரோ கேட்டுவிட்டார்கள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் ஷிஜாவின் வாயையே பார்த்தாள்.

"விடமாட்டாரு" என்றாள் ஷிஜா. கண்ணில் தண்ணீர் நின்றது. "அவள விட்டாலும் நாளைக்கு வேற யாரையாவது பிடிக்கும். மோசமான ஆளில்ல. ஆனா ஒருத்தரோட மட்டும் நிக்க அவருக்கு ஏலாது. மாத்திக்கிடுறேன்னு சொன்னா அது பொய்."

"கேட்டியா? கேட்டியாட்டி?" முத்தாரம்மாள் பிரேமாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லு. நாங்க இருக்கோம். சொல்லு!"

பிரேமாவுக்கு என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். மத்தியானம் மீன்குழம்பு வைத்துவிட்டு ஷிஜாவின் மடியில் தலை வைத்துப் படுத்து, அவள் துணிக்கடைக் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போக வேண்டும். அதை இன்னொருத்தியோடு முறை வைத்துப் பங்கு போட அவளால் முடியாது. முடியும் என்று ஒரு வருசம் தன்னையே ஏமாற்றிக்கொண்டதுதான் மிச்சம். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலாக வந்தது, இந்தப் பொம்பளைகள்மேல், ஷிஜாமேல், எல்லாரையும்விடத் தன்மேல்.

"எனக்குப் பாதி ஆள் வேண்டாம்" என்றாள். "வந்தா முழுசா வரட்டும். இல்லன்னா வரவே வேண்டாம். ஷிஜா, நீயே சொல்லிரு."

"சொல்லிருதேன்க்கா" என்றாள் ஷிஜா.

"அப்படிச் சொல்லுட்டி எந் தங்கம்!" முத்தாரம்மாள் பிரேமாவைக் கட்டிக்கொண்டாள். மாடம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. புறப்படும்போது முத்தாரம்மாள் ஷிஜாவின் கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள். "இவ ஒருத்தி ஒங்கூட இருக்கையில ஒனக்கு எந்தப் பய வேணும்?"

அவர்கள் தெருவைத் தாண்டுகிறவரை பிரேமா வாசலில் நின்றாள். இனி சண்டை வரும், ஷிஜா கத்துவாள், கத்திவிட்டு எப்போதும் போல 'பசிக்குது' என்று வந்து நிற்பாள் என்று நினைத்தாள். உள்ளே வந்தபோது ஷிஜா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கடையில் மடிக்கிற மாதிரியே ஓரம் சேர்த்து நிதானமாக மடித்தாள்.

"நான் ஆத்திரத்துல சொன்னேன்" என்றாள் பிரேமா.

"இல்ல பிரேமா. இன்னைக்குத்தான் நெசத்தச் சொன்ன."

"நீயும்தான்."

"ஓ. நானும்தான்."

"ஸ்நேகா வீட்டுக்கா?"

"இல்ல, ஹாஸ்டலுக்கு. ஒன்னை விட்டு அவகிட்ட ஓடல பிரேமா. நான் இங்கயே இருந்தா நீ மறுபடியும் சரின்னு சொல்லுவ. நான் மறுபடியும் அத நம்புவேன்."

'போகாதே' என்கிற ஒரு சொல் பிரேமாவின் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அதோடு 'சரி' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஷிஜா விசும்பிக்கொண்டே செருப்பை மாட்டினாள். கிள்ளிப்பாலம் முக்கில் ஆட்டோ கிடைத்திருக்கும்.

மறுநாள் கடை மாடியில் பிரேமாவின் முகத்தைப் பார்த்ததும் முத்தாரம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த நாய்க்காகவா இப்படி மூஞ்சி வீங்க அழுத? சனியன் ஒழிஞ்சதுன்னு தல முழுகுட்டி!"

போனது அவனில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது பிரேமாவுக்கு. அவன் என்று ஒருத்தன் இருந்ததே இல்லை, போனவளுக்காக நான் இந்த மூணு பேர் மடியிலும் விழுந்து அழ வேண்டும், ஒருத்தியாவது என்னோடு சேர்ந்து அழ வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தாள். கீழேயிருந்து முதலாளி சீரகம் என்னாச்சு என்று குரல் கொடுத்தார். மூடிக்கொண்டு முறத்தை எடுத்தாள்.

சாயங்காலம் இறங்கும்போது முத்தாரம்மாள் ஒரு தூக்குவாளியை அவள் கையில் திணித்தாள்.

"ஷிஜாவுக்கு மீன்குழம்பு. பாவம், நேத்து அந்தப் பிள்ளையத்தான் நாங்க ரொம்ப அதட்டிட்டோம். சூடு பண்ணிக் குடு, என்னா?"

"குடுக்கேன் மைனி" என்றாள் பிரேமா.