கதவைச் சாத்திக்கொள்ளும் மேனேஜர்

பகல் பன்னிரண்டரை மணிக்கு, மற்ற அலுவலகங்களில் சாப்பாட்டு அடுக்கைப் பிரிக்கும் நேரத்தில், சவுரியம்மாள் யாரோ ஒருவருடைய குடிசைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். எழுத்தராகக் கூடப் போன நானும் நிற்கிறேன். உள்ளே சத்தமே இல்லை. கால்மணி நேரம் கழித்துக் கதவு திறக்கிறது.

"பதினேழு. எழுதிக்குங்க ரைட்டர் தம்பி."

முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த குடிசைக்கு நடக்கிறார்.

பதினேழு என்பது தரையில் விழுந்த வெயில் பொட்டுகள். கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு, கூரை ஓட்டை வழியாக எங்கெங்கே வெயில் விழுகிறதோ அங்கெல்லாம், வெற்றிலைப் பெட்டியிலிருக்கும் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு வட்டம் போடுவார். வட்டம் அதிகமுள்ள வீட்டுக்கு முதலில் கூரை ஓடு. "வெளிச்சம் வர்ற வழியாத்தான் தண்ணியும் வரும். அதுக்கு வேற வழி தெரியாது" என்பார். ஜனங்கள் அந்த வட்டங்களை என்னவோ சர்க்கார் முத்திரை போல நினைக்கிறார்கள். சாணி மெழுகும்போது வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மெழுகுகிறார்கள். அழிந்தால் ஓடு வராதாம்!

திண்டிவனம் வட்டார வீட்டு உதவிச் சங்கத்தின் மேனேஜர் அவர். மானியத்தில் ஓடுகளும் மரமும் வாங்கி, ஒழுகும் குடிசைகளுக்குக் கூரை மாற்றிக் கொடுப்பது சங்கத்தின் வேலை. அந்த மேனேஜர் பதவிக்கு நானும் மனுப் போட்டிருந்தேன். கிடைக்கவில்லை. ஆகவே இதைப் பொறாமையோடுதான் எழுதுகிறேன்; படிப்பவர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம்.

ஐம்பதை நெருங்கும் வயது. குட்டையான உருவம், அகலமான பாதங்கள், டயர் செருப்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை. எட்டாவது வரைதான் படிப்பு. மிஷன் ஆஸ்பத்திரியில் பதினாறு ஆண்டுகள் ஆயா வேலை. வாயில் எப்போதும் வெற்றிலை. முக்கியமான விஷயம் பேசவேண்டுமானால் மட்டும் எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார். சங்கம் அவருக்கு என்று கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி வாங்கிப் போட்டது. நான் கனவில் கண்ட நாற்காலி அது. அவர் அதில் மனுக்கட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, பெஞ்சியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். அந்த நாற்காலியை அலமாரியாக்கியதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் மேனேஜரான கதை இது. ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில் ரயில் பாதைக்குப் பின்னாலிருந்த சேரி எரிந்தது. கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நின்று, எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு எது எரிந்தது என்று எண்பத்துமூன்று குடும்பங்களின் கணக்கையும் மனத்திலேயே வைத்திருந்தவர் சவுரியம்மாள். சங்கம் ஆரம்பித்தபோது தலைவர் வக்கீல் கோதண்டபாணி அவரையும் மனுப் போடச் சொன்னார். மொத்தம் ஏழு பேர் போட்டோம். ஆடி மாதம் வாசகசாலையில் நேர்காணல் நடந்தது.

எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "பத்துப் பேரு மனு குடுத்திருக்காங்க. ஓடு ஒரு வீட்டுக்குத்தான் இருக்கு. யாருக்குக் குடுப்பீங்க?"

நான் இருபது நிமிடம் பேசினேன். நிலம் யார் கையில் இருக்கிறது என்று தொடங்கினேன். சேரியில் ஓட்டு வீடு எழும்பினால் ஊருக்குள் ஏன் வயிறு எரிகிறது என்று கேட்டேன். மேல்நாட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போனேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் யாருக்கு ஓடு என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் போன சவுரியம்மாள் சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. "தெரியாதுங்க. பத்து வூட்லயும் வூட்டுக்கு ஒரு மத்தியானம் குந்திப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவருக்கு மேனேஜர் வேலை, மூன்று மாதப் பரீட்சையில். எனக்கு எழுத்தர் வேலை. "மூணு மாசம் பாப்போம். சரிப்படலேன்னா நீங்கதான் இருக்கீங்களே" என்றார் கோதண்டபாணி. அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டே மூன்று மாதம் உயிர் வாழ்ந்தேன்.

அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க நான் முயலாமல் இல்லை. ஒவ்வொரு குடிசைக்குள் நுழையும்போதும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். "கூரையில ஓட்டை இருக்கான்னு பாக்கறதுக்குக் கடவுள் எதுக்குங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உள்ள பாம்பு இருந்தா? கதவ நானே இல்ல தம்பி சாத்திக்கினு குந்தியிருக்கறேன்?" என்றார்.

இன்னொரு நாள் முறையையே தாக்கினேன். வெயில் நேராக விழுகிறது. மழை காற்றோடு சாய்ந்து விழுகிறது. ஆகவே வெயிலை வைத்து ஒழுக்கை அளப்பது விஞ்ஞானமாகாது என்றேன். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். "இருக்கலாம். மழ வரட்டும். போயிப் பாருங்க" என்றார். வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். கோபித்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

விழுப்புரம் ஜங்ஷன் சரக்குக் கொட்டகையில் எங்கள் ஓடுகள் வந்து பதினைந்து நாள் கிடந்தன. குமாஸ்தா இன்று, நாளை என்று இழுத்தடித்தார். நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவது நல்ல சூடான கடிதம். பதில் இல்லை. சவுரியம்மாள் தூக்குப்பாத்திரத்தோடு ரயிலேறிப் போய், ஓட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றார். பிறகு ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல்முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்க ஆரம்பித்தார். விரிசல் இருந்தால் தனியாக வைப்பார். ணங், ணங் என்று மூன்று மணி நேரம். கடைசியில் குமாஸ்தாவே சீட்டைக் கொண்டு வந்து நீட்டினார். "ஜல்தியா எடுத்துக்கினு போம்மா. ஒரே பேஜாராப் பூடுச்சி."

சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் தாண்டவராயன். மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருப்பவர். தம் நிலத்தில் வேலை செய்பவர்களில் யார் யாருக்கு ஓடு தரவேண்டும் என்று அவரே ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். "என் லிஸ்டு இன்னா ஆச்சி?" என்று கேட்கும்போதெல்லாம் சவுரியம்மாள் சொன்ன பதில், "வெயில் பாக்கணுங்க." அவ்வளவுதான். மேனேஜரம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணுகிறார், எல்லாரையும் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கப் போகிறார் என்ற புரளி மண்டியிலிருந்துதான் கிளம்பியது.

ஒரு நாள் எங்கள் இருவரையும் மண்டிக்குக் கூப்பிட்டார் தாண்டவராயன். காப்பி வந்தது. எனக்கு வெண்கல டம்ளரில். சவுரியம்மாளுக்கு, மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு நசுங்கிய அலுமினிய டம்ளரில். அவர், "வெத்தல போட்டிருக்கேங்க" என்று சொல்லி அதைத் தொடாமல் வெளியே போய்விட்டார்.

"நீங்க படிச்சவரு. அந்தம்மா கைக்குக் கீழ குந்திக்கினு இருக்கீங்களே, ரோசமா இல்ல?" என்றார் தாண்டவராயன். "ஏதாச்சும் ஒரு தப்பு காட்டுங்க போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

இரட்டை டம்ளரை எதிர்த்து இந்தத் தாலுகாவில் நான் பேசாத மேடை இல்லை. அன்று பேசவில்லை. என் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வந்தேன்.

பரீட்சைக் காலம் முடிந்து, அவரை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று குழு கூடவேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஐப்பசி மழை இறங்கியது. சவுரியம்மாள் அடுத்த வண்டி ஓடுகளை எடுத்துவர விழுப்புரம் போயிருந்தார். நான் குடையையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போன மூன்று குடிசைகளிலும் சட்டிகளும் பானைகளும் சுண்ணாம்பு வட்டங்களின் மேல் உட்கார்ந்திருந்தன. சொட்டுகள் குறிபார்த்து விழுந்தன. ஒரு வீட்டில் இரண்டு வட்டத்துக்குப் பாத்திரம் போதாமல், சுண்ணாம்பு கரையாமலிருக்கச் செருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பஸ் ஏறிக் கிளியனூர் போனேன். அங்கே கோவிந்தம்மாள் என்ற விதவையின் வீட்டில் சவுரியம்மாள் கண்ட பொட்டு, சைபர். மனு அடிக்கட்டுக்குப் போயிருந்தது.

அந்த வீடு ஒழுகிக்கொண்டிருந்தது. கூரையின் உட்புறம் முழுவதும் கோணிச்சாக்கைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். அது நனைந்து, ஆட்டு மடி போலத் தொங்கி, கொட்டியது.

"ஆபீசரம்மா வர்றாங்கன்னு சொன்னாங்க" என்றார் கோவிந்தம்மாள். "ஓட்டையும் ஒடசலுமா வூட்டக் காட்டறது நல்லாவா இருக்கும்? ரெண்டு ராவா குந்தி, கோணிய வெச்சித் தெச்சி அடைச்சேங்க. அந்தம்மாவும் வந்து பாத்துட்டு, வூட்ட நல்லா வெச்சிருக்கன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. ஓடுதான் வரல."

எவ்வளவு அநியாயம்! வீடு தேடி வருகிறவர்களுக்குத் தன் வறுமையைக் காட்டக் கூசியதற்காக ஒருத்தி மழையில் நனைகிறாள். எனக்கு அப்போது வந்தது கோபம் என்று எழுத ஆசைதான். வந்தது சந்தோஷம். வாசலில் நின்றபடியே பார்த்தேன், போதும் என்று தோன்றியது, திரும்பிவிட்டேன்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு வாசகசாலையில் குழு கூடியது. மழை விட்டபாடில்லை. நான் எழுந்து கிளியனூர்க் கதையைச் சொன்னேன். நன்றாகப் பேசினேன். ஒருத்தி மானத்தோடு இருந்ததற்குத் தண்டனையா என்று கேட்டபோது ஓர் உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பறம் இன்னா?" என்றார் தாண்டவராயன். "படிச்சவரையே போட்டுடுங்க."

சவுரியம்மாள் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"தப்பு என்னுதுதாங்க. வெளிச்சம் வருதான்னு பாத்தேன். கையத் தூக்கித் தடவிப் பாக்கல." பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தினி எடத்துல ஒழுவுது தம்பி?"

எனக்குத் தெரியவில்லை.

"கேப்பைய எங்க வெச்சிருந்தாங்க? நனஞ்சிதா?"

அதையும் நான் பார்க்கவில்லை. அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டார். அதனால்தான் என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. பிறகு கோதண்டபாணியைப் பார்த்து, "மூணு மணி பஸ்ஸு போயிடுங்க. நீங்க பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார். வாசகசாலை முற்றத்தில் ஓட்டு அடுக்கின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவிச் சுருட்டினார்.

"ஐய, ஓடு நனயுது!" என்று தாண்டவராயன் கத்தினார்.

"நனயறதுக்குத்தாங்க ஓடு" என்று குரல் மட்டும் வந்தது.

கோதண்டபாணி குழுவின் பக்கம் திரும்பினார். "சவுரியம்மாளையே நிரந்தரமாக்கலாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க." நாலு கைகள் எழுந்தன. தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ரைட்டர், நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார் தலைவர்.

பஸ் போயிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். போகவில்லை. கிளியனூர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பின்பக்கம் முழுக்க ஆண்கள் தொங்கினார்கள். முன்னால், பெண்கள் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். படியில் நின்று, "உங்களையே நிரந்தரம் பண்ணிட்டாங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

"அப்டிங்களா" என்றார். "ஏறுங்க. தார்ப்பாய ரெண்டு பேராப் புடிச்சாத்தான் கட்ட முடியும்."

"யோவ், லேடீஸ் சீட்டுய்யா. ஆம்பளைங்க பின்னால போ" என்றார் கண்டக்டர்.

சவுரியம்மாள் பக்கத்து இடத்தில் கிடந்த ஈரத் தார்ப்பாயைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.