கம்ப்யூட்டரில் வந்த கால்

எங்கள் வீட்டில் டிவி ஒன்று, அதற்குப் போட்டி போட மாமியாரும் நானும். அவருக்கு எந்நேரமும் மாதா கோயில் சேனல், எனக்குச் செய்தி. இந்தப் பஞ்சாயத்து தாங்காமல் என் கணவர் திசையன்விளையில் ஒரு டிவி கார்டு வாங்கிவந்து கம்ப்யூட்டருக்குள் சொருகினார். மாடியில் இருந்த ஒரே டிஷ்ஷின் வயரைப் பிரித்து, ஒன்றை ஹால் டிவிக்கும் மற்றதை அந்தக் கார்டுக்கும் கொடுத்தார். கம்ப்யூட்டரும் டிவி ஆகிவிட்டது, ஓடுவதைப் பதிவுசெய்யவும் முடிந்தது. ஒரே தொந்தரவு, சில சேனல்கள் இரண்டிலும் சேர்ந்து வராது. ஹாலில் மாமி மாற்றினால் உள்ளே என் படம் போய்விடும். கடலுக்குப் போய்வந்து சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மீன்பிடிக்கப் படகேறினார்.

அவர் போன பிறகு புயல் கிளம்பியது. படகிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தேன்.

மறுநாள் மதியம் செய்தியில் கேரளத்துத் துறைமுகம் ஒன்றைக் காட்டினார்கள். கரை சேர்ந்த நம் பக்கத்துப் படகுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய்ப் பதிவுசெய்யத் தொடங்கினேன். மூன்று பேர் இறங்கினார்கள், அவர் இல்லை. அடுத்த ஆளின் கால் படகு விளிம்பைத் தாண்டித் தரையில் பட்டது. அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது.

வாய் நிறைய வசவோடு ஹாலுக்கு ஓடினேன். மாமி கோயில் சேனலைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு முழங்காலில் இருந்தார். கடலில் போனவர்களுக்காக ஜெபமாலை தொடங்கிவிட்டால் முடிகிற வரை எங்கள் ஊரில் யாரும் எழுந்திருக்கவோ நிறுத்தவோ மாட்டார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலிட்டேன். வாய் 'அருள் நிறைந்த மரியே' என்றது, நெஞ்சு அந்தக் காலையே சுற்றிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன மணிகள் நகரவே இல்லை. மாதா என்னை மன்னிக்கட்டும், அன்று அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

முடிந்ததும் ஹால் டிவியிலேயே செய்திக்கு மாற்றிப் பார்த்தால் வேறு ஏதோ ஓடியது. மாமியைப் பிடித்துக் கத்தினேன். நீங்கள் மாற்றியதால்தான் போயிற்று, அடுத்து இறங்கியது உங்கள் மகனாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். அவர் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார். பதிவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கடைசியில் திரையில் விரலை வைத்தார்.

"இது எம்புள்ள காலுதான் ட்டி. பெருவிரலு வெளிய தள்ளி நிக்கி பாரு. எண்ணெ போட்டு நீவிவிட்டவ நான், எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அவர் கால் அடையாளம் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆனால் நம்பினேன். மாமி போட்ட சோற்றை அள்ளி அள்ளித் தின்றேன்.

அடுத்த நாள் காலையில் அவரே போன் செய்தார். அவர் படகு அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது, அதுவும் வேறு துறைமுகத்துக்கு. மாமியும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். அழுது முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் நேற்றுப் பார்த்த கால் அவருடையது இல்லையே என்றேன்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"தெரியும் ட்டி. நீ சாப்பிடணும்லா."